நிலவறையில் பிறந்த ஜூல்

1838-இல் ரஷ்யாவின் நேவா ஆற்றில் மோரிட்ஸ் யாகோபி என்ற பொறியாளர் மின்மோட்டார் பொருத்திய படகு ஒன்றை ஓட்டிக் காட்டினார். செய்தி பரவியதும் ஐரோப்பாவில் பலருக்கும் தலை கிறுகிறுத்தது. இனி நிலக்கரி வேண்டாம், புகை வேண்டாம், கொதிகலன் வெடித்து ஆட்கள் சாகவும் வேண்டாம். ஒரு பேட்டரியும் நாலு மின்காந்தமும் இருந்தால் ஆலையே ஓடும் என்று பேசிக்கொண்டார்கள். காந்தங்களைச் சாமர்த்தியமாக அடுக்கினால் செலவே இல்லாமல் வேண்டிய மட்டும் வேலை வாங்கலாம் என்று நம்பியவர்களும் உண்டு.

அப்படி ஆசைப்பட்டவர்களில் ஒருவர், மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டு ஊரில் பீர் ஆலை வைத்திருந்த குடும்பத்தின் பிள்ளை. பெயர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். பிறந்தது 1818 டிசம்பர் 24. சிறு வயதில் முதுகுத்தண்டில் பலவீனம், கூச்ச சுபாவம், பள்ளிக்கூடம் போனதில்லை, பல்கலைக்கழகமும் கிடையாது. ஆனால் வீட்டில் பணம் இருந்தது. அணுக்கொள்கையால் பெயர் பெற்ற ஜான் டால்டனே அவருக்கும் அண்ணனுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தார். வேதியியல் படிக்கும் ஆசையில் போன பையன்களைக் கிழவர் இரண்டு வருஷம் கணக்கிலும் வடிவியலிலும் உட்கார வைத்தார். வேதியியலைத் தொட்ட சமயத்தில் பக்கவாதம் வந்து டால்டன் படுத்துவிட்டார். அந்த இரண்டு வருஷக் கணக்குப் பாடத்துக்கு இந்தக் கதையில் பெரிய பங்கு இருப்பதாக எனக்குப் படுகிறது.

ஆலையின் பங்கும் குறைவில்லை. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறப்போடும்போது சூடு சில பாகை பிசகினாலும் சரக்கு கெட்டுவிடும். நொதிக்கும் தொட்டியில் சூடு ஏறினால் நஷ்டம். வெப்பமானியைப் பார்த்துப் பார்த்தே பிழைக்கும் தொழில் அது. இவ்வளவு கரிக்கு இவ்வளவு சரக்கு என்று தினமும் கணக்குப் பார்க்கும் தொழிலும்கூட. ஆலையின் நீராவி எந்திரத்தை எடுத்துவிட்டு மின்மோட்டார் வைத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று இளைஞர் ஜூல் யோசித்தது இயல்பானதுதான். 19 வயதிலேயே தான் செய்த மோட்டாரைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதிவிட்டார்.

பிறகு கணக்குப் போட்டார். மோட்டாருக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருகிறது. பேட்டரிக்குள் துத்தநாகம் அமிலத்தில் கரைகிறது. கரிக்குப் பதில் இங்கே எரிவது துத்தநாகம், அவ்வளவுதான். கார்ன்வால் சுரங்கங்களில் ஓடிய சிறந்த நீராவி எந்திரம் ஒரு பவுண்டு கரியை எரித்துச் சுமார் 15 லட்சம் பவுண்டு எடையை ஓர் அடி உயரத்துக்குத் தூக்கியது. ஜூலின் மோட்டார் ஒரு பவுண்டு துத்தநாகத்தைத் தின்று அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் தூக்கியது. துத்தநாகமோ கரியைவிடப் பல மடங்கு விலை. 1841-இல் மான்செஸ்டரில் ஒரு கூட்டத்தில் அவரே எழுந்து இந்தத் தோல்விக் கணக்கைச் சொன்னார். மின்மோட்டார் நீராவியை விரட்டும் என்ற கனவு அத்தோடு போனது. டைனமோ வந்து மின்சாரம் மலிவாகும்வரை அது திரும்பவும் இல்லை.

கனவு போனாலும் கேள்வி நின்றது. துத்தநாகம் கரைந்து கொடுத்ததில் ஒரு பகுதி எடை தூக்கியது, மீதி எங்கே? கம்பியைத் தொட்டால் பதில் கிடைத்தது. சுட்டது. 1840-இலேயே ஜூல் அந்தச் சூட்டை அளந்து ஒரு விதி கண்டிருந்தார்: மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும், கம்பியின் தடை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வெப்பமும் கூடும். இன்று நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி சூடாவதும், தளர்ந்த ஒயர் இணைப்பு கருகுவதும் இந்த விதிப்படிதான். லண்டனின் ராயல் சொசைட்டி அந்தக் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் அச்சிட்டு நிறுத்திக்கொண்டது.

இங்கே அந்தக் காலத்து நம்பிக்கை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெப்பம் ஒரு பொருள் என்று பெரும்பாலான அறிஞர்கள் எண்ணினார்கள். எடையில்லாத, கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம், பெயர் கலோரிக். 1789-இல் லவாய்சியர் போட்ட தனிமங்களின் பட்டியலில் ஆக்சிஜனோடு கலோரிக்கும் இடம்பெற்றது. திரவம் என்றால் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். புதிதாக உண்டாகாது, இல்லாமல் போகவும் முடியாது. முட்டாள்தனமான கொள்கை இல்லை இது. சூடான இரும்பைக் குளிர்ந்த நீரில் போட்டால் நடப்பது எல்லாவற்றையும் அது அழகாக விளக்கியது.

விளக்க முடியாமல் தடுமாறிய இடம் உராய்வு. மியூனிக் நகரின் ஆயுதசாலையில் பீரங்கிக் குழல் குடைவதை மேற்பார்வை பார்த்த ரம்ஃபோர்டு பிரபு, மழுங்கிய துளைக்கருவியைக் குதிரைகளைக் கொண்டு சுழற்றி, சுற்றிலும் தண்ணீர் வைத்துப் பார்த்தார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதிப்பதைச் சுற்றி நின்றவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். குதிரை சுற்றச் சுற்ற வெப்பம் வந்துகொண்டே இருந்தது, தீரவேயில்லை. தீராமல் வருவது எப்படி ஒரு பொருளாக இருக்க முடியும் என்று 1798-இல் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் எவ்வளவு உழைப்புக்கு எவ்வளவு வெப்பம் என்று அவர் எண்ணிச் சொல்லவில்லை. கலோரிக் மேலும் அரை நூற்றாண்டு உயிரோடு இருந்தது. (இதே ரம்ஃபோர்டு பின்னாளில் லவாய்சியரின் விதவையை மணந்தார். அந்தக் கல்யாணமும் நிலைக்கவில்லை.)

ஜூல் செய்தது அந்த எண்ணிச் சொல்லும் வேலை. பேட்டரியை ஒதுக்கிவிட்டு, காந்தத்தின் நடுவே கம்பிச்சுருளைக் கையால் சுழற்றி மின்சாரம் உண்டாக்கினார். சுருள் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீருக்குள் இருந்தது. தண்ணீர் சூடானது. வெப்பம் திரவமாக இருந்தால் எங்கோ ஓரிடம் குளிர்ந்து இங்கே சூடேறியிருக்க வேண்டும். எதுவும் குளிரவில்லை. கையால் சுழற்றிய வேலைதான் மின்சாரமாகி, மின்சாரம் வெப்பமாகியிருந்தது. அடுத்து, கைக்குப் பதில் கயிற்றில் எடை கட்டித் தொங்கவிட்டு, எடை இறங்கும் வேகத்தில் சுருள் சுழல ஏற்பாடு செய்தார். இப்போது உழைப்பை அளக்க முடியும்: இத்தனை பவுண்டு, இத்தனை அடி. ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் பாகை சூடாக்க 838 பவுண்டு எடை ஓர் அடி இறங்க வேண்டும் என்ற முதல் விடை 1843-இல் வந்தது. அயர்லாந்தின் கார்க் நகரில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் படித்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த சில வருஷங்களில் மனிதர் விட்டுவைத்த வழி இல்லை. மெல்லிய துளைகள் வழியே தண்ணீரை அழுத்தித் தள்ளினார். காற்றை 22 மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு நெருக்கி, பம்ப்பைச் சுற்றிய நீரின் சூட்டை அளந்தார். அந்தக் கட்டுரையையும் ராயல் சொசைட்டி முழுதாக வெளியிட மறுத்தது. 1845-இல் தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். ஒவ்வொரு வழியிலும் எண் கொஞ்சம் முன்பின் ஆனாலும் 800-ஐ ஒட்டியே நின்றது. அதே ஆண்டு ஒரு கடிதத்தில், தன் கருத்து சரியென்றால் 160 அடி விழும் நயாகரா நீர் அடிவாரத்தில் பாகையில் ஐந்தில் ஒரு பங்கு சூடாக இருக்க வேண்டும் என்று எழுதினார். அவ்வளவு பெரிய அருவி, அவ்வளவு சின்னச் சூடு. உழைப்பு வெப்பமாவதை மனித குலம் அதுவரை கவனிக்காததற்குக் காரணம் அந்தச் சிறுமைதான். ஒரு கிலோ தண்ணீரை ஒரு செல்சியஸ் பாகை சூடாக்க, அதே தண்ணீர் சுமார் 427 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும்.

1847 ஏப்ரலில் மான்செஸ்டரின் புனித ஆன் தேவாலயப் படிப்பகத்தில் ஊர்க்காரர்களுக்காக ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அன்றைக்கு அவர் சொன்னதில் இன்றைய பள்ளிப் பாடத்தின் சாரம் முழுக்க இருந்தது: ஓடும் பொருளின் ஆற்றல், உயரத்தில் நிற்கும் பொருளின் ஆற்றல், வெப்பம் ஆகியவை ஒன்று மற்றொன்றாக மாறும்; எதுவும் தொலையாது. ஒரு பத்திரிகை அதை முழுதாகப் போட மறுத்தது. ‘மான்செஸ்டர் கூரியர்’ போட்டது. ஜூலின் அண்ணன் அந்தப் பத்திரிகைக்கு இசை விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். அறிவியலின் மிகப் பெரிய விதிகளில் ஒன்று அண்ணனின் சிபாரிசில் உள்ளூர்ப் பத்திரிகையில் அச்சேறியது.

அந்த ஜூனில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டம். நேரம் போய்விட்டது, சுருக்கமாகச் சொல்லுங்கள், விவாதம் வேண்டாம் என்றார் தலைவர். இளைஞர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டிருக்காவிட்டால் இதுவும் சத்தமில்லாமல் போயிருக்கும் என்று ஜூல் பின்னாளில் எழுதினார். அந்த இளைஞர் வில்லியம் தாம்சன், பிற்காலக் கெல்வின் பிரபு. அப்போது 23 வயது நிறையவில்லை. தாம்சனோ, தான் எழுந்திருக்கவில்லை, கூட்டம் முடிந்தபின் போய்ப் பேசினேன் என்றார். இரண்டில் எதுவானாலும் அன்று தொடங்கிய நட்பு கடைசிவரை நீடித்தது. இரண்டு வாரம் கழித்து ஆல்ப்ஸ் மலைப் பாதையில் புது மனைவியோடு தேனிலவுக்கு வந்திருந்த ஜூலைத் தற்செயலாகச் சந்தித்ததாகவும், அவர் கையில் அருவியின் சூட்டை அளக்க நீண்ட வெப்பமானி ஒன்று இருந்ததாகவும் தாம்சன் வயதான காலத்தில் சொன்ன கதை மிகப் பிரபலம். சந்திப்பு நடந்தது உண்மை. அப்போதே அவர் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் வெப்பமானி இல்லை. ஜூலின் திருமணமும் ஆகஸ்டு 18-இல்தான் நடந்தது. இரண்டு வாரக் கணக்கே உதைக்கிறது. கதை சொல்லிச் சொல்லி வெப்பமானி வளர்ந்திருக்க வேண்டும்.

தாம்சனுக்கு உடனே நம்பிக்கை வந்துவிடவில்லை. நீராவி எந்திரத்தில் வெப்பம் அழியாமல் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கியே வேலை செய்கிறது என்று 1824-இல் பிரெஞ்சுக்காரர் சாதி கார்னோ எழுதியிருந்தார். அதுவும் சரியாகத் தோன்றியது, ஜூலும் பொய் சொல்பவராகத் தெரியவில்லை. 1850-இல் ஜெர்மனியின் கிளாசியஸ், அடுத்த ஆண்டு தாம்சன், இருவரும் முடிச்சை அவிழ்த்தார்கள்: வெப்பம் இறங்கும்போது அதில் ஒரு பங்கு வேலையாக மாறிவிடுகிறது, மீதிதான் கீழே போய்ச் சேர்கிறது.

இதற்குள் ஜூல் தன் வீட்டு நிலவறையில் இறங்கியிருந்தார். நாள் முழுக்கச் சூடு மாறாத விசாலமான அறை. செம்புப் பாத்திரத்தில் 13 பவுண்டுக்குச் சற்று மேல் தண்ணீர். உள்ளே எட்டு வரிசைக் கைகள் கொண்ட பித்தளைத் துடுப்புச் சக்கரம்; தண்ணீர் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாமல் தடுக்க அசையாத தகடுகள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஈய எடைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 29 பவுண்டு, கப்பி வழியே ஐந்தேகால் அடி இறங்கும். இறங்கியதும் சுற்றி ஏற்றி மறுபடி விடுவார். இருபது முறை. முடிய 35 நிமிஷம் ஆகும். கடைசியில் தண்ணீரில் ஏறிய சூடு ஃபாரன்ஹீட்டில் அரைப் பாகைக்குச் சற்று மேல். செல்சியஸில் சொன்னால் மூன்றில் ஒரு பாகைகூட நிறையாது. மான்செஸ்டர் கருவித் தொழிலாளர் டான்சர் செய்துகொடுத்த வெப்பமானியில் பாகையின் 200-இல் ஒரு பங்கைக் கண்ணாலேயே படித்தார். தன் உடம்புச் சூடு கெடுத்துவிடாமல் இருக்க நடுவே ஒரு மரத் தட்டி. அறைக் காற்றால் ஏறும் சூட்டைக் கழிக்க, ஒவ்வொரு முறையும் சக்கரத்தைச் சுழற்றாமல் அதே 35 நிமிஷம் சும்மா வைத்திருந்து அளந்தார். தண்ணீரில் 40 முறை. பிறகு பாதரசத்தில், பிறகு வார்ப்பிரும்பை வார்ப்பிரும்போடு உரசி.

இரும்பை உரசியபோது ஒரு சிக்கல்: கிறீச்சென்று சத்தம் வந்தது. சத்தமும் ஆற்றல்தானே, அது பாத்திரத்தை விட்டு வெளியே போகிறதே! வேறொருவர் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார். ஜூல், அதே தூரத்தில் அதே அளவு கேட்கும்படி செல்லோ வாத்தியத்தின் தந்தியை அதிர வைக்க எவ்வளவு விசை வேண்டும் என்று சோதித்து, அந்தத் தொகையைக் கணக்கிலிருந்து கழித்தார். ஒரு காசு பிசகினால் தூக்கம் வராத கணக்குப்பிள்ளையின் குணம் இது. ஆற்றல் அழியாது என்று வாயால் சொன்னவர்கள் அவருக்கு முன்னும் உண்டு. கிறீச்சிட்ட ஒலியைக்கூடச் செலவில் எழுதியவர் அவர்தான்.

விடை: 772. கட்டுரையை 1849 ஜூனில் ராயல் சொசைட்டியில் மைக்கேல் ஃபாரடே முன்வைத்தார், 1850-இல் அச்சானது. அதில் ஜூல் மூன்று முடிவுகள் எழுதியிருந்தார். உராய்வு என்பதே உழைப்பு வெப்பமாக மாறுவதுதான் என்ற மூன்றாவதைப் பரிசீலனைக் குழு நீக்கச் சொன்னது; நீக்கினார். எண் மட்டும் போதும், அதன் பொருள் வேண்டாம் என்று கேட்டதைப்போல இருக்கிறது.

இந்த இடத்தில் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரத்து மருத்துவர் ராபர்ட் மேயரைப் பற்றிச் சொல்லாமல் போனால் அநியாயம். 1840-இல் டச்சுக் கப்பலில் மருத்துவராக ஜாவா போனவர், அங்கே கப்பலாட்களுக்குச் சிரை ரத்தம் எடுத்தபோது அது தமனி ரத்தம்போலச் சிவந்திருப்பதைக் கண்டு திடுக்கிட்டார். வெப்ப நாட்டில் உடம்பைச் சூடாக வைக்கக் குறைவான உணவை எரித்தால் போதும், அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று யோசித்தார். அங்கிருந்து ஒரே தாவலில், உண்ட உணவு கொடுப்பதில் ஒரு பங்கு வெப்பம், ஒரு பங்கு உழைப்பு, இரண்டும் ஒரே சரக்கு என்று வந்து நின்றார். முதல் கட்டுரையை ஒரு பத்திரிகை கண்டுகொள்ளவில்லை. 1842-இல் வேறொன்றில் வந்தது. ஜூலுக்கு ஒரு வருஷம் முன்பு. புதிய பரிசோதனை ஏதும் செய்யாமல், காற்றைப் பற்றிப் பிறர் அளந்து வைத்திருந்த எண்களிலிருந்தே 365 மீட்டர் என்று விடையும் சொன்னார். அந்த எண்கள் பிசகாக இருந்ததால் விடையும் குறைந்தது. ஊர் அவரைப் பொருட்படுத்தவில்லை, குழந்தைகளைப் பறிகொடுத்தார், 1850-இல் ஜன்னலிலிருந்து குதித்தார், பிழைத்து மனநலக் காப்பகத்தில் அடைபட்டார். 1862-இல் ஜான் டிண்டால் லண்டனில் அவருக்காகப் பேசிய பிறகு, முதலில் கண்டது யார் என்று ஆங்கிலேயர்களே கட்சி கட்டி எழுதிக்கொண்டார்கள். ராயல் சொசைட்டி கடைசியில் காப்ளி பதக்கத்தை 1870-இல் ஜூலுக்கும் 1871-இல் மேயருக்கும் கொடுத்துச் சமாளித்தது. முதலில் நினைத்தவர் மேயர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிறரை மறுக்க முடியாதபடி செய்தவர் ஜூல்.

1847 ஜூலையில், பிரஷ்யப் படையில் மருத்துவராக இருந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெர்லினில் படித்த கட்டுரை இதையெல்லாம் கணித மொழியில் ஒரே விதியாக்கியது. அதையும் ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பியது. தனிப் பிரசுரமாகப் போட்டார். அந்தத் தலைமுறைப் பத்திரிகையாசிரியர்களின் துரதிர்ஷ்டம் தனியாக எழுத வேண்டியது.

1878-இல், அறுபதை நெருங்கியபோது, ஜூல் மறுபடி துடுப்பைச் சுழற்றி 772.55 என்றார். ஆலையை எப்போதோ விற்றாகிவிட்டது. ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் சொந்தப் பணத்தைச் செலவழித்தவர் கை வறண்டு, அரசு கொடுத்த ஆண்டுக்கு 200 பவுண்டு உதவித்தொகையில் வாழ்ந்தார். சேல் என்ற ஊரில் உள்ள அவர் கல்லறைக் கல்லில் அந்த 772.55 பொறித்திருக்கிறது. இன்றைய மதிப்பு சுமார் 778. நூற்றுக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை. அந்தப் பிசகிலும் பெரும்பங்கு வெப்பமானியின் அளவுக்கோட்டில் இருந்தது என்று அமெரிக்காவின் ஹென்றி ரோலண்ட் சீக்கிரமே காட்டிவிட்டார்.

அளவைக்கு அவர் பெயரை வைக்கலாம் என்று 1882-இல் சொன்னவர் வில்லியம் சீமென்ஸ். 1889-இல் பாரிஸில் கூடிய மின்பொறியாளர் மாநாடு ஏற்றது. அதே ஆண்டு அக்டோபர் 11-இல் ஜூல் இறந்தார். வெப்பத்துக்கும் அதே அளவைதான் என்று உலக நாடுகளின் எடை அளவை மாநாடு முடிவு செய்ய 1948 ஆனது. நூறு கிராம் எடையை ஒரு மீட்டர் தூக்கினால் ஏறத்தாழ ஒரு ஜூல். 150 மில்லி தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிக்க வைக்கச் சுமார் 44,000 ஜூல். மின்வாரியக் கணக்கில் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அறுபது கிலோ ஆள் ஒருவரைக் கடல் மட்டத்திலிருந்து தொட்டபெட்டா உச்சிக்கு இரண்டு முறை ஏற்றிய பிறகும் மிச்சமிருக்கும். விலையோ சில ரூபாய். ஜூல் கனவு கண்ட மலிவு மின்சாரம் வந்துதான் சேர்ந்தது. கரியை எரித்தே பெரும்பகுதி வந்தது என்பதுதான் வேடிக்கை.

எல்லா ஆற்றலுக்கும் ஒரே அளவை என்று ஏற்றாகிவிட்டது. கடைத்தெரு இன்னும் ஏற்கவில்லை. மின்சாரம் யூனிட்டில் வருகிறது, பிஸ்கட் கலோரியில், மோட்டார் குதிரைத்திறனில். ஏசி டன்னில் விற்கிறது: ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருக எவ்வளவு வெப்பத்தை வாங்குமோ அந்த வேகம், அதுவும் 907 கிலோ கொண்ட அமெரிக்க டன். ஒன்றரை டன் ஏசி வேண்டும் என்று கேட்பவர் உண்மையில் கேட்பது, நொடிக்குச் சுமார் 5,275 ஜூல் வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளும் எந்திரம். அப்படிக் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் யாராவது இருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும்.